ஒரு தையற்காரரின் பக்தி

ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் உருகும் உள்ளம், திங்கட்கிழமை தராசைப் பிடிக்கையில் எவ்வாறு இருக்கிறது என்பதே பக்திக்கு உரைகல். அந்த உரைகல்லில் தம்மை நாள்தோறும் உரைத்துப் பார்த்துக்கொண்ட ஒருவரின் சரித்திரத்தை இன்று நேயர்கள் முன் வைக்கிறோம். அவர் பாதிரியாரல்லர், பிரபுவுமல்லர். அமெரிக்காவில் ஒரு சிற்றூரில் துணி தைத்துப் பிழைத்த ஜான் உல்மன் என்பவரே அவர்.

உல்மன் 1720-ம் ஆண்டில், அக்காலத்தில் ஆங்கிலேயர் குடியேற்ற நாடாயிருந்த நியூ ஜெர்ஸியில், ஒரு குடியானவர் வீட்டில் பிறந்தார். அவர் குடும்பத்தார் குவேக்கர் வகுப்பினர். ஒவ்வொரு மனிதனுள்ளும் ஈசனுடைய ஒளி உண்டு என்பது அவ்வகுப்பினரின் கொள்கை. கொள்கை அதுவாயிருந்தும், அவர்களிலேயே பலர் ஆப்பிரிக்க மக்களை விலைக்கு வாங்கி அடிமைகளாக வைத்திருந்தனர்.

வாலிபப் பருவத்தில் உல்மன் மவுண்ட் ஹாலி என்னும் ஊரில் ஒரு கடையில் கணக்கெழுத அமர்ந்தார். ஒரு நாள் எஜமானர் தம்மிடமிருந்த அடிமைப் பெண்ணொருத்தியை விற்று, கிரயப் பத்திரம் எழுதும்படி அவரைப் பணித்தார். வாங்கியவர் வயது முதிர்ந்த குவேக்கர். உல்மன் மனம் பதைத்தது. ஆயினும் எஜமானர் உத்தரவு என்று எழுதிவிட்டார். எழுதுகையில், அடிமை வைத்திருத்தல் கிறிஸ்து மார்க்கத்திற்கு ஒவ்வாது என்று இருவர் முன்னிலையிலும் கூறினார். கூறியும் மனச்சாட்சி முற்றும் அடங்கவில்லை. பின்னர் வேறொருவர் அத்தகைய பத்திரம் எழுதக் கேட்டபோது முடியாது என்று மறுத்துவிட்டார்.

பாவம் கட்சிக்காரருடையது, எழுதுபவன் வெறும் கருவியே என்பது பத்திரம் எழுதுவோரின் வழக்கமான சமாதானம். சட்டத் தொழிலைச் சேர்ந்த நாம் இதை நன்கறிவோம். உல்மன் இச்சமாதானத்தை ஏற்கவில்லை. அண்டை வீட்டாரொருவர் காயமுற்றுக் கிடந்து உயில் எழுத அழைத்தார். அடிமைப் பெண்ணைப் பற்றிய ஷரத்தை மட்டும் விட்டு, மற்றவற்றை யெல்லாம் எழுதி, கூலியும் வாங்காமல் காரணத்தை மரியாதையுடன் எடுத்துரைத்தார் உல்மன். பேசி முடிவதற்குள் அவர் அப்பெண்ணை விடுதலை செய்ய இசைந்தார், உயிலும் பூர்த்தியாயிற்று.

உல்மன் தனியே வைத்த கடை நன்றாகப் பெருகிற்று. பெருகப் பெருக, அது உள்ளத்தைச் சிறைப்படுத்துவதாக உணர்ந்து, சரக்கு வியாபாரத்தைக் கைவிட்டார். தையலும் ஆப்பிள் தோட்டமும் குடும்பத்துக்குப் போதும் என்றமைந்தார். தென் மாகாணங்களில் யாத்திரை செய்தபோது, அடிமைகள் வேலை செய்யும் வீட்டில் உண்டு உறங்க நேர்ந்தால், அவ்வூழியத்துக்கு உரிய கூலியைக் கொடுத்தே புறப்பட்டார். விருந்தோம்பியவர்க்கு இது கசப்பாயிருக்கும் என்பதை அவர் அறியாதவரல்லர்; அவர்க்கும் அது எளிதாயிருக்கவில்லை. ஆயினும் ஒருவரையும் அவர் இகழ்ந்து பேசியதில்லை.

சாயம் அழுக்கை மறைக்கிறது, துணியையும் கெடுக்கிறது என்று எண்ணி, சாயமேற்றாத உடையை உடுக்கலானார். அந்நாளில் வெளிர்நிறத் தொப்பி நாகரிகக்காரரின் மோஸ்தராயிருந்ததால், இவரும் அதன் வசப்பட்டார் என்று சில நண்பர்கள் விலகிச் சென்றனர். அதையும் பொறுத்தார். அடிமைகளின் உழைப்பால் விளைந்த மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையையும் நீக்கினார்.

1772-ல் இங்கிலாந்து சென்றபோது, அலங்காரம் மிகுந்த அறையை விடுத்து, கப்பலின் கீழ்த்தட்டில் மாலுமிகளோடு பிரயாணம் செய்தார். அந்நாட்டில் அஞ்சல் வண்டிகளின் வேகத்துக்காகக் குதிரைகள் ஓட்டிக் கொல்லப்படுவதையும், குளிரிரவுகளில் சிறுவர்கள் விறைத்து மடிவதையும் கேள்வியுற்று, லண்டனிலிருந்து வடக்கே கால்நடையாகவே போனார். யார்க் நகரில் வைசூரி கண்டு, அவ்வாண்டு அக்டோபர் 7-ந் தேதி காலமானார்.

இத்தகைய சிறு மறுப்புகளால் யாது பயன் என்று கேட்போர் உண்டு. 1758-ல் பிலடெல்பியாவில் கூடிய குவேக்கர் மகாசபை, அடிமை வைத்திருப்போரை வீடுதோறும் கண்டு, அடிமைகளை விடுவிக்கும்படி வேண்ட ஒரு குழுவை நியமித்தது. உல்மன் அதில் ஒருவர். 1776-ல் அதே சபை, அடிமைகளை விடுவிக்க மறுப்போரைத் தன்னினின்றும் நீக்கத் தீர்மானித்தது. அந்நாடு முழுவதும் அடிமைத்தனம் சட்டத்தால் ஒழிந்தது 1865-ல்தான். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தம் பேனாவையும் ஊசியையும் உணவுத் தட்டையும் அநீதியினின்று பிரித்துக்கொண்டவர் இந்தத் தையற்காரர்.

பொது வாழ்வில் இறங்கியுள்ள நேயர்களுக்கு ஒன்று கூறி முடிப்போம். மேடையில் நாம் கண்டிக்கும் தீமை, நமது கணக்குப் புத்தகத்தில் எந்த வரியில் இருக்கிறது என்று தேடிப் பார்ப்பது நலம். உல்மன் அங்கிருந்தே தொடங்கினார்.