பேயைக் காட்டாமலே உலகத்தைப் பயமுறுத்தியவர்: யார் இந்த வால் லூட்டன்? லோ பட்ஜெட் திகில் படங்களின் 'குரு'வின் கதை!

ராத்திரி நேரம். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. ஒரு பெண் தனியாக நடந்து போகிறாள். பின்னாடி யாரோ வருகிற செருப்புச் சத்தம். திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. சத்தமும் நின்றுவிட்டது. நடை ஓட்டமாகிறது. நமக்கும் மூச்சு முட்டுகிறது. திடீரென்று காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு உறுமல். சீட்டிலிருந்து துள்ளி எழுகிறோம். பார்த்தால், வந்து நின்றது பேய் இல்லை. ஒரு சாதாரண பஸ்!

இந்த 'ஜம்ப் ஸ்கேர்' வித்தையை எத்தனை படங்களில் பார்த்திருப்போம்? சில நேரம் மிரண்டு போயிருப்போம், சில நேரம் சும்மா சவுண்டை ஏத்தி ஏமாத்துறாங்கப்பா என்று எரிச்சல்பட்டிருப்போம். இந்த வித்தைக்கு வயது 80-ஐத் தாண்டிவிட்டது. அதைத் திரைக்குக் கொண்டுவந்து பிரபலமாக்கிய தயாரிப்பாளர்தான் வால் லூட்டன்.

கையில் காசு இல்லை, பெரிய நட்சத்திரம் இல்லை, படத்தின் பெயரைக்கூட அவர் முடிவு செய்ய முடியாது. ஆனாலும் நான்கே ஆண்டுகளில் 9 திகில் படங்கள். அவற்றில் பல இன்றும் சினிமா மாணவர்களுக்குப் பாடம். 46 வயதிலேயே இறந்துபோன இந்த மனிதரின் கதை என்ன? பார்ப்போம்.

யால்டா டூ நியூயார்க்

1904-ம் ஆண்டு மே 7-ம் தேதி, அன்றைய ரஷ்யப் பேரரசில் இருந்த கருங்கடல் ஊரான யால்டாவில் பிறந்தார் லூட்டன். இயற்பெயர் விளாதிமிர் லெவன்டன். அப்பாவை விட்டுப் பிரிந்த அம்மா நீனா, 1909-ல் பிள்ளைகளோடு அமெரிக்கா வந்து சேர்ந்தார். அம்மாவின் தங்கை அல்லா நசிமோவா அங்கே மேடையிலும், பிறகு மௌனப் படங்களிலும் பெரிய நட்சத்திரம். பெண்கள் நடத்திய வீட்டில், புத்தகமும் கற்பனையுமாக வளர்ந்த பையன் லூட்டன்.

அந்தக் கற்பனை ஒருமுறை அவருக்கே வினையாகவும் ஆனது. பத்திரிகை நிருபராக வேலை பார்த்தபோது, வெயில் தாங்காமல் ஒரு லாரி நிறைய கோழிகள் செத்துவிட்டதாக ஒரு செய்தி எழுதினார். அப்படி ஒரு சம்பவமே நடக்கவில்லை, எல்லாம் இவர் கட்டிய கதை என்று தெரிந்ததும் வேலை போனது!

அதன் பிறகு கதை எழுதுவதையே பிழைப்பாக்கிக் கொண்டார். நாவல்கள், பத்திரிகைக் கதைகள், சினிமா கம்பெனிக்கு விளம்பர வாசகங்கள் என்று எது கிடைத்தாலும் எழுதினார். 1932-ல் வந்த அவருடைய ஒரு நாவல் நன்றாக விற்றது.

அதற்குப் பிறகுதான் ஹாலிவுட். பிரபல தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக்கிடம் கதை ஆலோசகராகச் சேர்ந்தார். எந்த நாவலைப் படமாக்கலாம், எதை விட்டுவிடலாம் என்று படித்துச் சொல்வதுதான் வேலை. 'கான் வித் தி விண்ட்' போன்ற பிரமாண்டப் படங்கள் உருவானதை உள்ளே இருந்து பார்த்தார். கோடிகளைக் கொட்டிப் படமெடுப்பவரிடம் தொழில் படித்த இவருக்கு, அடுத்து வாய்த்தது அதற்கு நேர் எதிரான ஒரு உலகம்.

மூன்று நிபந்தனைகள்

1942. ஆர்.கே.ஓ. ஸ்டூடியோ பணக் கஷ்டத்தில் தவித்த நேரம். ஆர்சன் வெல்ஸ் எடுத்த 'சிட்டிசன் கேன்', 'தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்' இரண்டுமே ஸ்டூடியோவுக்கு நஷ்டம். புதிதாகப் பொறுப்புக்கு வந்த நிர்வாகிகளுக்கு மேதைகள் வேண்டாம், வசூல் வேண்டும். அப்போது யுனிவர்சல் ஸ்டூடியோ டிராகுலா, ஃபிராங்கன்ஸ்டைன், ஓநாய் மனிதன் என்று அரக்கர்களை வைத்துக் கல்லா கட்டிக்கொண்டிருந்தது. நாமும் அப்படி மலிவாகப் பேய்ப்படம் எடுக்கலாமே என்று ஆர்.கே.ஓ. கணக்குப் போட்டது.

அந்தப் பிரிவுக்குத் தலைவராக வந்தவர்தான் லூட்டன். சம்பளம் வாரத்துக்கு 250 டாலர். அதோடு மூன்று நிபந்தனைகள்.

1. ஒரு படத்தின் செலவு ஒன்றரை லட்சம் டாலரைத் தாண்டக் கூடாது.
2. படம் 75 நிமிடத்துக்குள் முடியணும்.
3. தலைப்பை ஸ்டூடியோதான் கொடுக்கும். அதற்கு ஏற்ற கதையை லூட்டன் பிடிக்கணும்!

முதலில் கையில் திணிக்கப்பட்ட தலைப்பு 'கேட் பீப்பிள்', அதாவது பூனை மனிதர்கள். கேட்டவுடனே சிரிப்பு வருகிற தலைப்பு. நல்ல இலக்கிய ரசனை உள்ள லூட்டனுக்கு அது எப்படி இருந்திருக்கும்? ஆனால் நான்காவதாக ஒரு நிபந்தனையை ஸ்டூடியோ போடவில்லை. கதைக்குள் என்ன செய்யணும் என்று யாரும் சொல்லவில்லை. அந்த இடைவெளிக்குள்தான் லூட்டன் நுழைந்தார்.

காசில்லை, அதனால் இருட்டு!

ரப்பர் முகமூடி போட்ட பூனை மனிதனைக் காட்டினால் தியேட்டரே சிரிக்கும். நல்ல மேக்கப்புக்குப் பணம் இல்லை. அப்போ என்ன வழி? காட்டவே வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். இருட்டுக்குச் செலவே இல்லை. அந்த இருட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பார்க்கிறவர்களே நிரப்பிக் கொள்ளட்டும் என்பதுதான் ஐடியா.

இயக்குநர் ஜாக் டூர்னர், எழுத்தாளர் டிவிட் போடீன், ஒளிப்பதிவாளர் நிக்கோலஸ் முசுராகா, எடிட்டர் மார்க் ராப்சன் என்று ஒரு சின்ன டீம் சேர்ந்தது. நியூயார்க்கில் வாழும் இரினா என்ற செர்பியப் பெண்தான் கதாநாயகி. ஆசையோ பொறாமையோ எழுந்தால் தான் சிறுத்தையாக மாறிவிடுவோம் என்று நம்புகிறாள். அதனால் கட்டிய கணவனையே நெருங்க விடாமல் தவிக்கிறாள். அவள் நிஜமாகவே மாறுகிறாளா, இல்லை மனநோயா? படம் அந்தச் சந்தேகத்தை வைத்தே நம்மை நகர்த்துகிறது.

செட் போடப் பணம் இல்லாததால், வெல்ஸின் நஷ்டப் படத்துக்குக் கட்டிய பிரமாண்டமான மாடிப்படியே இதில் இரினாவின் அப்பார்ட்மென்ட் படிக்கட்டானது. நீச்சல் குளத்தில் ஒரு பெண் மாட்டிக்கொள்ளும் காட்சியில் இருப்பதெல்லாம் சுவரில் அசையும் தண்ணீர் வெளிச்சம், ஒரு நிழல், ஒரு உறுமல். அவ்வளவுதான். இன்றைக்குப் பார்த்தாலும் கை சில்லிடும்.

மேலே சொன்ன பஸ் காட்சியும் இந்தப் படத்தில்தான். உறுமலும் பஸ் பிரேக் சத்தமும் ஒன்றோடொன்று கலந்து நம்மைத் தூக்கிப்போடும். அது பெரிய ஹிட் ஆகவே, அடுத்தடுத்த படங்களிலும் இதே மாதிரி ஒரு இடத்தை லூட்டன் டீம் வைத்தது. அதற்கு அவர்கள் வைத்த செல்லப் பெயரே 'பஸ்'. இன்றும் சினிமாக்காரர்கள் இதை 'லூட்டன் பஸ்' என்கிறார்கள்.

ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். அந்தக் காட்சியில் பஸ் வருவது ஒரு நொடி. அதற்கு முன்னால் இருக்கிற நடை, அமைதி, நின்றுபோகிற செருப்புச் சத்தம் இவைதான் பயத்தின் முதலீடு. பின்னால் வந்த பலர் எடுத்துக்கொண்டது அந்த ஒரு நொடியை மட்டும்தான். இன்றைய பல லோ பட்ஜெட் பேய்ப்படங்கள் சத்தம் போட்டும் பயமுறுத்தாமல் போவதற்கு இதுதான் காரணம்.

1942 டிசம்பரில் வெளியான 'கேட் பீப்பிள்' பெரிய வெற்றி. தடுமாறிக்கொண்டிருந்த ஸ்டூடியோவுக்கு நல்ல வசூல் கிடைத்தது.

குப்பைத் தலைப்பு, அசத்தல் படம்

அடுத்த தலைப்பு இன்னும் மோசம். 'ஐ வாக்ட் வித் எ ஸாம்பி'. லூட்டன் என்ன செய்தார் தெரியுமா? புகழ்பெற்ற 'ஜேன் ஏர்' நாவலின் சாயலை எடுத்து, மேற்கிந்தியத் தீவு ஒன்றுக்குக் கொண்டுபோனார். நோயாளியைக் கவனிக்க வரும் நர்ஸ், இரவில் கரும்புத் தோட்டத்துக்குள் நடந்து போகிற காட்சி திகில் சினிமாவின் மறக்க முடியாத காட்சிகளில் ஒன்று. அந்தத் தீவில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் துயரமும் படத்துக்குள் நிழலாக ஓடுகிறது.

'தி லெப்பர்ட் மேன்' படத்தில் ஒரு சிறுமியை அம்மா ராத்திரியில் சோளமாவு வாங்க அனுப்புகிறாள். திரும்பி ஓடிவந்து கதவைத் தட்டும் மகளின் அலறலை விளையாட்டு என்று நினைக்கிறாள் தாய். தாழ்ப்பாளைத் திறக்கப் போகும்போது நேரம் கடந்துவிடுகிறது. கதவுக்கு அடியில் ரத்தம் வழிகிறது. தாக்குதலை நாம் பார்ப்பதே இல்லை. கதவுக்கு இந்தப் பக்கம் தாயோடு நிற்கிறோம்.

1944-ல் வந்த 'தி கர்ஸ் ஆஃப் தி கேட் பீப்பிள்' இன்னும் வித்தியாசம். பெயரைப் பார்த்து பயப்பட வந்தவர்களுக்குக் கிடைத்தது, கற்பனைத் தோழியோடு பேசும் ஒரு தனிமைச் சிறுமியின் கதை. பிறந்தநாள் அழைப்பிதழ்களைத் தபால் பெட்டி என்று நினைத்து மரப்பொந்தில் போட்டுவிடும் அந்தக் குழந்தை, சின்ன வயசு லூட்டனேதான்.

எல்லாமே வெற்றியாக அமையவில்லை. 'தி கோஸ்ட் ஷிப்' படத்தின் கதை திருடப்பட்டது என்று வழக்கு வந்தது. சமரசத்துக்கு லூட்டன் சம்மதிக்கவில்லை. வழக்கில் தோற்றதால் படம் சுமார் 50 ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது.

கார்லாஃப்புக்குக் கிடைத்த மறுவாழ்வு

ஃபிராங்கன்ஸ்டைன் அரக்கனாக நடித்துப் புகழ்பெற்ற போரிஸ் கார்லாஃபை ஸ்டூடியோ ஒப்பந்தம் செய்தபோது லூட்டனுக்கு இஷ்டமே இல்லை. அரக்கன் வேஷம் நம்ம பாணி இல்லையே என்ற கவலை. ஆனால் இருவரும் சந்தித்த பிறகு நிலைமை மாறியது. அரக்கன் வேஷத்தில் சலித்துப்போயிருந்த கார்லாஃபுக்கு, 'தி பாடி ஸ்நாட்ச்சர்' படத்தில் பிணம் திருடி விற்கும் வண்டிக்காரன் வேடம். சிரித்துக்கொண்டே மிரட்டும் அந்த நடிப்பு அவருடைய சிறந்த வேடங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. டிராகுலா புகழ் பெலா லுகோசியும் அவரும் கடைசியாகச் சேர்ந்து நடித்த படமும் இதுதான்.

அந்தப் படத்தின் திரைக்கதையில் கார்லோஸ் கீத் என்று ஒரு பெயர் வரும். அது வேறு யாரும் இல்லை, லூட்டன்தான். ஏறக்குறைய எல்லாப் படங்களின் திரைக்கதையையும் ராத்திரி கண்விழித்துக் கடைசியாகத் திருத்தி எழுதியது அவரே. ஆனால் பெரும்பாலான படங்களில் எழுத்தாளராகத் தன் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை.

எல்லோரையும் ஏற்றிவிட்டவர் கீழேயே நின்றார்

லூட்டனின் டீமில் இருந்தவர்கள் பிறகு எங்கே போனார்கள் என்று பார்த்தால் ஆச்சரியம். எடிட்டர்களாக இருந்த மார்க் ராப்சனுக்கும் ராபர்ட் வைஸுக்கும் இயக்குநர் வாய்ப்பு கொடுத்தவர் இவர்தான். வைஸ் பின்னாளில் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' எடுத்து ஆஸ்கர் வாங்கினார். ராப்சன் பெரிய பட்ஜெட் இயக்குநர் ஆனார்.

லூட்டனுக்கு? 1946-ல் 'பெட்லம்' படம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. அவருக்கு ஆதரவாக இருந்த ஸ்டூடியோ தலைவர் சார்லஸ் கோர்னர் அதே ஆண்டு இறந்தார். ஆர்.கே.ஓ.வை விட்டு வெளியே வந்த லூட்டனுக்குப் பெரிய ஸ்டூடியோக்களில் வேலை கிடைத்தது, ஆனால் சுதந்திரம் கிடைக்கவில்லை. அடுத்த ஐந்து ஆண்டுகளில் மூன்றே படங்கள். வைஸ், ராப்சன் இருவரோடும் சேர்ந்து கம்பெனி தொடங்கும் திட்டமும் நிறைவேறவில்லை. அவர்கள் இவரை விட்டு விலகிக்கொண்டார்கள். அந்த அடி அவரை ரொம்பவே பாதித்தது.

ஏற்கெனவே இதயம் பலவீனம். 1951 மார்ச் 14-ம் தேதி, மாரடைப்பால் லூட்டன் இறந்தார். வயது 46. கடைசிப் படமான 'அப்பாச்சி ட்ரம்ஸ்' அந்த ஆண்டுதான் வெளிவந்தது. அது கௌபாய் படம். ஆனால் இருட்டில் அடைபட்ட சர்ச்சுக்குள் வெளியிலிருந்து முரசுச் சத்தம் மட்டும் கேட்கிற காட்சியைப் பார்த்தால், இது யார் படம் என்று தெரிந்துவிடும்.

இன்றைக்கும் ஏன் பேசப்படுகிறார்?

1957-ல் டூர்னர் 'நைட் ஆஃப் தி டீமன்' எடுத்தார். பிசாசைக் காட்டியே ஆகணும்னு தயாரிப்புத் தரப்பு பொம்மைப் பிசாசைப் படத்தில் சேர்த்தது. இன்றும் ரசிகர்கள் அந்தப் படத்தில் குறை சொல்வது அந்த ஷாட்களைத்தான். 1963-ல் வைஸ் 'தி ஹான்டிங்' எடுத்தார். ஒரு பேயும் திரையில் வராது. கதவு மட்டும் மூச்சு விடுவதுபோல் உப்பும். பேய் வீட்டுப் படங்களில் இன்றும் அது முன் வரிசை.

1993-ல் 'கேட் பீப்பிள்' அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. 2007-ல் இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி, லூட்டனைப் பற்றிய ஒரு ஆவணப்படத்தைத் தயாரித்து, அவரே குரல் கொடுத்தார்.

லூட்டன் படங்களைப் பார்க்க நினைப்பவர்கள் 'கேட் பீப்பிள்' படத்திலிருந்து தொடங்கலாம். மொத்தமே 73 நிமிடம். லைட்டை அணைத்துவிட்டு, ஹெட்போன் போட்டுப் பாருங்கள். பஸ் வரும் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். ஆனாலும் தூக்கிப்போடும்.