துரும்பால் படை நடத்திய ஊமைத்துரை

பேச்சு வராத ஒருவர் படை நடத்த முடியுமா? நடத்தினார், நமது தமிழ்நாட்டில்! அவருக்கு எதிரே நின்றது பீரங்கியும் துப்பாக்கியும் ஏந்திய கும்பினிப் படை. அவர் ஆட்கள் கையில் இருந்தது பெரும்பாலும் ஈட்டி.

அவர்தான் ஊமைத்துரை. வீரபாண்டிய கட்டபொம்மனின் தம்பி.

ஒல்லியான, உயரமான உடம்பு. பார்த்தால் நோயாளி போல இருப்பார். கட்டளை இட வேண்டுமானால், வைக்கோல் துரும்புகளை எடுத்து இடது உள்ளங்கையில் வரிசையாக வைப்பார். அதுதான் வெள்ளையர் படை. பிறகு வாயால் ஒரு சீறல் ஒலி எழுப்பி, வலது கையால் துரும்புகளை ஒரே வீச்சில் தள்ளிவிடுவார். பாயுங்கள் என்று அர்த்தம்! இதை எழுதி வைத்தவர் அவரை எதிர்த்துப் போரிட்ட வெல்ஷ் என்ற வெள்ளை அதிகாரியே.

விருந்து நடந்த இரவு

1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டார்கள். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஊமைத்துரையைப் பாளையங்கோட்டைச் சிறையில் அடைத்தார்கள்.

1801 பிப்ரவரி 2. பாளையங்கோட்டையில் மேஜர் மெக்காலே வீட்டில் வெள்ளை அதிகாரிகளுக்கு விருந்து. அந்த நேரத்தில் சிறை உடைந்தது! விறகு விற்பவர்கள் போல வந்த ஆட்கள், கட்டுக்குள் ஆயுதங்களை மறைத்துக் கொண்டுவந்தார்கள் என்று சொல்வார்கள். விடுபட்டவர்கள் விருந்து வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. சுமார் 30 மைல் தூரத்தை அந்த இரவிலேயே கடந்து ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

சில நாளில் மெக்காலே படையோடு பின்னால் வந்தார். வந்தவர் திகைத்துப் போனார். இடித்துப் போட்ட இடத்தில் மறுபடி ஒரு கோட்டை நின்றது! ஊர் மக்கள் கூடி ஆறே நாளில் மண் குழைத்து எழுப்பியது அது. சுமார் 500 அடி நீளம், 300 அடி அகலம். சுவரின் உயரம் 12 அடிதான். சுற்றிலும் அடர்ந்த முள்வேலி.

இருபது அடி ஈட்டி

மார்ச் 31-ல் வெள்ளையர் கோட்டை மீது பாய்ந்தார்கள். பீரங்கியால் சுவரைச் சிதைத்தாயிற்று. ஏறவும் ஏறினார்கள். ஆனால் ஏறியவன் ஒருவனும் உள்ளே இறங்கவில்லை. ஏன் என்று கீழே நின்றவர்களுக்குப் புரியவே இல்லை.

காரணம் பிறகுதான் தெரிந்தது. கொத்தளங்களின் நடுவைக் குழியாகத் தோண்டியிருந்தார்கள். குழிக்குள் ஈட்டிக்காரர்கள். ஈட்டியின் நீளம் 18 முதல் 20 அடி, அதாவது மூன்று ஆள் உயரத்துக்கும் மேல்! மேலே வந்து நின்றவனுக்குக் காலடியில் தரை இல்லை. அவன் துப்பாக்கிச் சனியனோ கீழே இருப்பவனை எட்டாது. ஈட்டி அவனை எட்டும். உள்ளே மேடை மீது நின்று துவாரங்கள் வழியாகச் சுட்டவர்களும் இருந்தார்கள். தாக்கப் போன 120 ஐரோப்பியரில் காயம் படாமல் மீண்டவர்கள் 46 பேர்தான்.

இப்படிப் போரிட்டவர்கள் சம்பளத்துக்கு வந்த சிப்பாய்கள் அல்ல. பெரும்பாலும் உழவும் காவலும் பார்த்த கிராமத்து ஆட்கள். தருமபுரி, கடத்தூர் பக்கத்து வாசகர்களுக்கு இது புதிதாக இராது. ஆநிரை மீட்கப் போய் விழுந்தவர்களை வில்லும் வாளுமாகக் காட்டும் நடுகற்கள் அந்த மாவட்டத்தில் எத்தனை! கடல் கடந்தும் இதே கதை உண்டு. 1302-ல் ஐரோப்பாவில் பிளாண்டர்ஸ் நாட்டு நெசவாளர்களும் கசாப்புக்காரர்களும் ஈட்டியும் இரும்புமுனைத் தடியும் ஏந்தித் தரையில் நின்றே பிரெஞ்சு குதிரை வீரர்களை முறியடித்தார்கள்.

ஆனால் ஈட்டிக்கும் ஓர் எல்லை உண்டு. தூரத்தில் நிற்கும் பீரங்கியை அது என்ன செய்யும்? கர்னல் அக்னியூ பெரும் படையோடு வந்தார். மே 24-ல் கோட்டை விழுந்தது. அப்போதும் உள்ளே இருந்தவர்கள் சிதறி ஓடவில்லை. ஒரே திரளாக வெளியேறினார்கள். குதிரைப்படை விரட்டி வெட்டியது.

தாய் செய்த தந்திரம்

ஊமைத்துரை காயம் பட்டு விழுந்து கிடந்தார். தன் மகனைத் தேடி ஒரு தாய் அங்கே வந்தாள். மகன் குற்றுயிராகக் கிடந்தான். தன்னை விட்டுவிட்டு, பக்கத்தில் கிடக்கும் சாமியைக் காப்பாற்றும்படி அவன் கேட்டுக்கொண்டான். பெற்ற வயிறு என்ன பாடுபட்டிருக்கும்! ஆனாலும் அவள் ஊமைத்துரையைத்தான் தூக்கிப் போனாள். தேடி வந்தார்கள் எட்டயபுரத்து ஆட்கள். பெண்கள் அவர் மீது துணியைப் போர்த்தி, அம்மையில் செத்தான் என்று ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் பயந்து ஓடிவிட்டார்கள்.

பிழைத்த ஊமைத்துரைக்குச் சிறுவயலில் சின்ன மருது அடைக்கலம் தந்தார். வளரி வீச்சில் பேர்போனவர் அவர். வெல்ஷுக்கு வளரி எறியக் கற்றுக்கொடுத்தவரும் அவரே! அதே வெல்ஷ் இப்போது அவரை வேட்டையாடும் படையில் வந்தார். அக்டோபர் 1-ல் காளையார்கோயில் வீழ்ந்தது. 24-ல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். திண்டுக்கல் பக்கம் ஒதுங்கிய ஊமைத்துரையும் பிடிபட்டார். 1801 நவம்பர் 16-ல், பாஞ்சாலங்குறிச்சியிலேயே அவரைத் தூக்கிலிட்டார்கள்.

கோட்டை இருந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள். ஊரின் பெயரையே கணக்கேடுகளிலிருந்து நீக்க உத்தரவானது. அந்த ஊரில் 1974-ல் தமிழக அரசு நினைவுக் கோட்டை கட்டியது. போரில் மாண்ட வெள்ளையரின் கல்லறைகளும் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன.