2 ஆஸ்கர் வென்ற நடிகரின் மனைவி.. காது கேளாத மகனுக்காகத் தொடங்கி உலகத்துக்கே பாடம் அனுப்பிய அம்மா! யார் இந்த லூயிஸ் ட்ரேசி?

ஹாலிவுட்டில் அடுத்தடுத்த 2 ஆண்டுகள் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் விருது வென்றவர் ஸ்பென்சர் ட்ரேசி. 'கேப்டன்ஸ் கரேஜியஸ்', 'பாய்ஸ் டவுன்' படங்களுக்காகக் கிடைத்த விருதுகள் அவை. ஆனா, தான் சினிமாவில் செய்த எதுவும் தன் மனைவி செய்த வேலைக்கு ஈடாகாது என்று பொதுமேடையிலேயே சொன்னவர் அவர். அப்படி என்ன செய்தார் லூயிஸ்?

யார் இவர்?

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1896-ல் பிறந்தவர் லூயிஸ் ட்ரெட்வெல். நாடக நடிகை. ஒரே நாடகக் குழுவில் நடித்தபோது ஸ்பென்சரைச் சந்தித்தார். 1923-ல் திருமணம். அப்போது ஸ்பென்சரை யாருக்கும் தெரியாது, லூயிஸ்தான் அவரைவிட அனுபவசாலி. அடுத்த ஆண்டு மகன் ஜான் பிறந்தான்.

கதவு அடித்த சத்தம்

ஜானுக்கு 10 மாதம் இருக்கும். தூங்கிக்கொண்டிருந்த குழந்தைக்குப் பக்கத்தில் கதவு படாரென்று அடித்துக்கொண்டது. குழந்தை அசையவே இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டும் எழவில்லை. தொட்ட பிறகுதான் கண் விழித்தது. பிள்ளைக்குக் காது கேட்காது என்பது லூயிஸுக்கு அப்போதுதான் புரிந்தது. இதைக் குணப்படுத்த வழியில்லை என்று மருத்துவர்களும் சொல்லிவிட்டார்கள்.

இதைக் கணவரிடம் உடனே சொல்ல அவருக்கு மனம் வரவில்லை, சில மாதங்கள் தனக்குள்ளேயே வைத்திருந்தார். விஷயம் தெரிந்ததும் ஸ்பென்சர் உடைந்துபோனார். தான் செய்த தவறுக்கான தண்டனை மகனுக்கு வந்துவிட்டதாக அவர் நினைத்தார் என்று அவரது வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். குடிப்பழக்கமும் அவரை விடவில்லை.

அம்மாவே டீச்சர்

லூயிஸ் நடிப்பை விட்டார். உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளும் முறையைத் தானே படித்து மகனுக்குக் கற்றுக்கொடுத்தார். குழந்தையின் கண்மட்டத்துக்குக் குனிந்து, முகத்தில் வெளிச்சம் படும்படி உட்கார்ந்து, ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். எத்தனை நூறு தடவை என்று கணக்கே கிடையாது. இதற்கு நடுவில் ஜானை போலியோவும் தாக்கியது. ஆனாலும் ஜான் பேசக் கற்றார். பின்னாளில் டிஸ்னி ஸ்டுடியோவில் ஓவியராக வேலையும் பார்த்தார்.

நிதி வந்தது எப்படி?

தனக்குக் கிடைத்த அனுபவம் மற்ற அம்மாக்களுக்கும் கிடைக்கணும் என்று லூயிஸ் நினைத்தார். 1942-ல் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகத்தில், ஒரு சின்ன வீட்டில் 'ஜான் ட்ரேசி கிளினிக்' தொடங்கியது. குழந்தையைவிட முதலில் பெற்றோருக்குத்தான் பயிற்சி தேவை என்பதே அதன் அடிப்படை. பெற்றோரிடம் கட்டணம் வாங்குவதில்லை என்பதில் லூயிஸ் உறுதியாக இருந்தார்.

கட்டணம் இல்லைன்னா செலவுக்குப் பணம்? ஆரம்ப காலத்தில் பெரும்பகுதி ஸ்பென்சரின் சம்பளத்திலிருந்து வந்தது. அவரோடு போலோ விளையாடிய நண்பர் வால்ட் டிஸ்னி நிர்வாகக் குழுவில் சேர்ந்தார். ஆனா ஒரு நடிகரின் வருமானத்தை மட்டும் நம்பி ஒரு நிறுவனம் ஓடாது. அதனால் நன்கொடை திரட்டும் பொறுப்பை லூயிஸ் கையில் எடுத்தார். 1952-ல் கிளினிக் புதுக் கட்டடத்துக்கு மாறியது.

இதில் முக்கியமானது தபால் வழிப் பாடம். லாஸ் ஏஞ்சலஸுக்கு வர முடியாத பெற்றோருக்குப் பாடங்கள் இலவசமாக வீடு தேடிப் போயின. குழந்தை எப்படி முன்னேறுகிறது என்று பெற்றோர் எழுதுவார்கள், அதற்குத் தனித்தனியாகப் பதில் போகும். பின்னர் இந்தப் பாடங்கள் பல மொழிகளில் பல நாடுகளுக்குச் சென்றன.

விமர்சனமும் உண்டு

கிளினிக் பேச்சுக்கும் உதட்டசைவுக்கும்தான் முக்கியத்துவம் கொடுத்தது, சைகை மொழிக்கு அல்ல. சைகை மொழிதான் காது கேளாதோரின் இயல்பான மொழி, அதைத் தராமல் பேச்சை மட்டும் கற்பிப்பது குழந்தைக்குச் சுமை என்று காது கேளாதோர் சமூகத்தில் பலரும் இந்த முறையை எதிர்த்தார்கள். இந்த விவாதம் இன்றும் முடியவில்லை.

வீட்டுக்குள் என்ன நடந்தது?

1940-களிலிருந்தே ஸ்பென்சரின் வாழ்க்கையில் நடிகை கேத்தரின் ஹெப்பர்ன் இருந்தார். கணவனும் மனைவியும் பிரிந்துதான் வாழ்ந்தார்கள். ஆனா விவாகரத்து நடக்கவில்லை, கிளினிக்குக்கு அவர் தந்த ஆதரவும் நிற்கவில்லை. 1967 ஜூனில், கடைசிப் படத்தின் படப்பிடிப்பு முடிந்த 17-வது நாளில் ஸ்பென்சர் இறந்தார். குடும்பத்தை மதித்து இறுதிச் சடங்குக்கு ஹெப்பர்ன் போகவில்லை.

லூயிஸ் 1983-ல் காலமானார். மரபணு சார்ந்த அஷர் நோய்க்குறிதான் ஜானின் காது கேளாமைக்குக் காரணம் என்று பின்னாளில் தெரிந்தது. அதாவது, ஸ்பென்சர் தன்னைத் தானே குற்றம் சொல்லிக்கொள்ள எந்தக் காரணமும் இருக்கவில்லை. அதே நோய் ஜானின் பார்வையையும் பறித்தது. 2007-ல், 82 வயதில் ஜான் இறந்தார். அவர் பெயரில் அம்மா தொடங்கிய அமைப்பு இன்றும் இயங்குகிறது.