தபால் வண்டி மேரி

பெண்களுக்கேற்ற வேலை எது என்று கேட்டால் ஆசிரியை, செவிலி என்று நாம் விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிடுகிறோம். சரக்கு வண்டி ஓட்டுவதும் மூட்டை சுமப்பதும் அந்தக் கணக்கில் வருவதில்லை. அவ்வேலையிலேயே புகழ் பெற்றவர் மேரி பீல்ட்ஸ் அம்மையார். அவருக்குத் துணை நின்றவர்கள் கன்னியர் மடத்துச் சகோதரிகள் என்பது நமக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி.

மேரி 1832ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தார். 1865இல் அடிமை முறை ஒழிந்தது. பின்னர் டொலிடோ நகரில் உர்சுலா சபை மடத்தில் வேலைக்கு அமர்ந்தார். மடத்துத் தலைவி அன்னை அமதேயுஸ் அவருக்கு உற்ற தோழியானார். 1884இல் அன்னை, பழங்குடிச் சிறுமியருக்குக் கல்வி புகட்ட மொன்டானா சென்றார். மறு ஆண்டு அவர் நிமோனியாவில் படுத்தார் எனக் கேட்டதும் மேரி விரைந்து சென்று, பணிவிடை செய்து தேற்றினார்.

புனித பேதுரு மறைபரப்புத் தளத்திலேயே அவர் தங்கிவிட்டார். தோட்டம் போட்டார், கோழி வளர்த்தார், துணி வெளுத்தார். தளத்திற்கு வேண்டிய சரக்குகளை வண்டியில் ஏற்றி வந்தார். ஆனால் மேரிக்கு முன்கோபம் அதிகம். உடன் வேலை செய்த ஆண் ஒருவரோடு மூண்ட சண்டை துப்பாக்கி தூக்கும் வரை போயிற்று. 1894இல் ஆயர் அவரை வெளியேறப் பணித்தார். அன்னை அக்கட்டளைக்குப் பணிந்தார். ஆயினும் தோழியைக் கைவிடவில்லை.

அருகிலிருந்த கேஸ்கேட் ஊரில் மேரி உணவுக்கடை வைத்தார். கையில் காசில்லாதவருக்கும் சோறு போட்டதால் கடை நொடித்தது. 1895இல், ஏறத்தாழ அறுபது வயதில், சகோதரிகளின் உதவியால் தபால் சுமக்கும் ஒப்பந்தம் அவருக்குக் கிடைத்தது. விரைவு, உறுதி, பாதுகாப்பு ஆகிய மூன்றையும் மூன்று நட்சத்திரங்களால் குறித்ததால் இத்தகைய ஒப்பந்தத் தடங்களுக்கு ஸ்டார் ரூட் என்று பெயர். அத்தடங்களில் தபால் சுமந்த முதல் கறுப்பினப் பெண் மேரியே. பனி மூடிக் குதிரைகள் நகர முடியாத நாட்களில், பனிக் காலணி பூட்டி, தபால் பையைத் தோளில் சுமந்து நடந்தே சென்றார். இவ்வாறு எட்டு ஆண்டுகள் உழைத்தார்.

பிறகு சலவைக்கடை நடத்தினார். 1912இல் அது தீக்கிரையானபோது ஊரார் ஒன்றுகூடிக் கட்டிக் கொடுத்தனர். 1914 டிசம்பர் 5 அன்று இறைவனடி சேர்ந்தார்.

சகோதரிகள் மேரிக்கு இரக்கப்பட்டுப் பிச்சையிடவில்லை. அவருடைய கைத்திறனை அறிந்து, அதற்கேற்ற வேலைக்கு வழி செய்தார்கள். அதுவே மேலான உதவி என்று நாம் கருதுகிறோம். துறைமுகத்திலோ சரக்குக் கிடங்கிலோ லாரிப் போக்குவரத்திலோ வேலை பார்க்க விரும்புவதாக நம் மகளிருள் ஒருத்தி நாளை வந்து சொன்னால், பெற்றோரே, முகம் சுளிக்க வேண்டாம். அவள் தோளுக்கு வலிமை உண்டா என்று ஐயுறுமுன், அவளுக்குத் துணை நிற்க நமக்கு மனம் உண்டா என்று பார்ப்போம்.