பென்சில் கரிக்குள் மின்சாரம் போகும் வழியைத் தேடிய தமிழர்... யார் இந்த கே.எஸ்.கிருஷ்ணன்?

ஆரணி பட்டுக் கடையில் சேலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீங்க. ஒரு சேலைக்குள் பாவு நூல் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அறுபடாமல் ஓடும். ஆனா மேல் சேலைக்கும் கீழ் சேலைக்கும் நடுவில் ஒரு நூல்கூட கிடையாது. பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டும் கிட்டத்தட்ட இப்படித்தான். அதற்குள் மின்சாரம் எந்தத் திசையில் எப்படிப் போகிறது என்று அளந்தவர் கே.எஸ்.கிருஷ்ணன்.

யார் இவர்?

கரியமாணிக்கம் ஸ்ரீனிவாச கிருஷ்ணன், 1898 டிசம்பர் 4-ல் இன்றைய விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தவர், கொல்கத்தா போய் சி.வி.ராமனிடம் சேர்ந்தார்.

1928-ல் ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்டபோது, கூடவே இருந்து சோதனை செய்தவர் இவர்தான். நேச்சர் இதழில் வந்த முதல் அறிவிப்பில் இரண்டு பேர் பெயரும் உண்டு. ஆனா 1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது.

கிராஃபைட்டில் என்ன கண்டார்?

கிருஷ்ணன் அதோடு நின்றுவிடவில்லை. டாக்கா பல்கலைக்கழகத்தில் படிகங்களின் காந்தத் தன்மையை ஆராய்ந்தார். 1933-ல் கொல்கத்தா திரும்பினார். 1939-ல் கங்குலியுடன் சேர்ந்து கிராஃபைட் பற்றிய முடிவை வெளியிட்டார்.

ஒரே அடுக்குக்குள் மின்சாரம் சுலபமாக ஓடுகிறது. அடுக்கு விட்டு அடுக்கு தாண்டும்போது மட்டும் மின்தடை பல ஆயிரம் மடங்கு எகிறுகிறது. காரணம், ஒரு அடுக்கில் இருக்கும் கார்பன் அணுக்களுக்குள் பிணைப்பு ரொம்ப வலுவானது. அடுக்குகளுக்கு நடுவே பிடிப்பு குறைவு.

இப்போ ஏன் முக்கியம்?

இன்றைக்கு விஞ்ஞானிகள் ஆராயும் குவாண்டம் பொருட்கள் பலவும் இதே மாதிரி அடுக்கடுக்கானவை. உதாரணம், டான்டலம் டைசல்பைடு. கடும் குளிரில் அதற்கு நொடிப்பொழுதுக்கும் குறைவாக ஒரு மின் துடிப்பு கொடுத்தால் போதும், மின்தடை சட்டென்று குறைந்துவிடும். துடிப்பு நின்ற பிறகும் அந்த நிலை அப்படியே இருக்கும். தடை அதிகம் என்றால் 0, குறைவு என்றால் 1. கம்ப்யூட்டர் மெமரிக்கு இதுதானே வேணும்! இந்த மாற்றத்தை கிருஷ்ணன் ஆராயவில்லை. ஆனால் அடுக்குப் பொருளில் மின்சாரம் திசை பார்த்துத்தான் ஓடும் என்பதை முன்பே அளந்து காட்டியவர் அவர்.

1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். 1954-ல் பத்மபூஷண், 1958-ல் முதல் பட்நாகர் விருது. தமிழிலும் அறிவியல் பேசினார், எழுதினார். 1961-ல் மறைந்தார்.

வருஷா வருஷம் பிப்ரவரி 28-ல் தேசிய அறிவியல் தினம் கொண்டாடுகிறோம். ராமன் விளைவு கண்டுபிடித்த நாள் அது. அன்றைக்கு நினைக்க வேண்டிய இரண்டாவது பெயர், இந்த வத்திராயிருப்புக்காரருடையது.