இடியை வென்றவரின் தோல்விகள்

சித்திரை மாதத்து இடிமழை போடிமெட்டில் தொடங்கிவிட்டால், மத்திய அலை வானொலியில் பாட்டைவிட இரைச்சலே மிகுதியாகக் கேட்கும். ஏலத்தோட்டங்களுக்கு அந்த மழை வரம். வானொலி நேயர்களுக்குத் தண்டனை. இப்போது என் மேசையில் இருப்பது 1970களின் ஸ்டீரியோ ரிசீவர். நீல ஒளியில் முள் 100.5ஐ எட்டியதும், மின்னல் வெட்டும்போதும் கோடை பண்பலை தெளிவாக ஒலிக்கிறது.

பழைய ரிசீவர்களைத் தேடி வாங்கும் நண்பர்கள் மராண்ட்ஸ், சான்சூயி, பயனியர் எனப் பெயர்களை உருப்போடுவார்கள். அலுமினிய முகப்பையும் கனத்த குமிழையும் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள் (நானும்தான்). எட்வின் ஹோவர்ட் ஆம்ஸ்ட்ராங்கின் பெயரை அவர்கள் உச்சரித்து நான் கேட்டதில்லை. பெட்டிக்குள் இருப்பவரோ அவர்தான்.

1890இல் நியூயார்க்கில் பிறந்த ஆம்ஸ்ட்ராங், சிறுவயதிலேயே வீட்டு முற்றத்தில் உயர்ந்த ஆன்டெனா கம்பத்தை எழுப்பியவர். கொலம்பியா பல்கலைக்கழக மாணவராக இருந்தபோதே, 1912இல், மெல்லிய அலைகளைப் பன்மடங்கு பெருக்கும் மீளூட்டச் சுற்றை அமைத்தார். முதல் உலகப் போரின்போது, 1918இல் பாரிஸில் உருவாக்கிய சூப்பர் ஹெட்ரோடைன் முறையே இன்றும் என் ரிசீவரில் நிலையத்தைப் பிரித்தெடுக்கிறது. முதல் கண்டுபிடிப்புக்கான உரிமையை மட்டும் 1934இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் லீ டி ஃபாரஸ்டுக்கு வழங்கியது. தமக்கு அளித்த பதக்கத்தை ஆம்ஸ்ட்ராங் திருப்பிக் கொடுக்க முன்வந்தபோது, வானொலிப் பொறியாளர் சங்கம் அதை வாங்க மறுத்துவிட்டது. நீதிமன்றத்தைவிடச் சக பொறியாளர்களுக்கு உண்மை தெரிந்திருந்தது என்றே எண்ணுகிறேன்.

மின்னல் அலையின் வீச்சைத்தான் குலைக்கும். ஒலியை வீச்சில் ஏற்றாமல் அதிர்வெண்ணில் ஏற்றி, வீச்சின் ஏற்ற இறக்கங்களை வெட்டி எறிந்துவிட்டால் இரைச்சல் அண்டாது. இந்த அகன்ற அலைவரிசைப் பண்பலைக்கு அவர் 1933இல் காப்புரிமை பெற்றார். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் சோதனைக்கு இடம்தந்த ஆர்சிஏ நிறுவனம், 1935இல் அவருடைய கருவிகளை அகற்றச் சொன்னது. நிறுவனத் தலைவர் டேவிட் சார்னாஃப் அவருடைய பழைய நண்பர். அவரிடம் செயலாளராக இருந்த மரியனைத்தான் ஆம்ஸ்ட்ராங் 1923இல் மணந்திருந்தார். சோர்ந்துவிடாமல், நியூஜெர்சியின் ஆல்பைனில் செங்குத்துப் பாறை முகட்டின்மேல் 400 அடிக்கும் உயரமான கோபுரத்தைச் சொந்தப் பணத்தில் நிறுவினார். பண்பலை நேர்கோட்டில் பாயும் அலை. அதற்கு உயரம் வேண்டும். மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவுகளில் கோடை பண்பலை மறைந்து மறைந்து கேட்பதைக் கவனித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1945இல் அமெரிக்க அரசு பண்பலையை 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வரிசைக்கு மாற்றியது. அதுவரை மக்கள் வாங்கியிருந்த கருவிகள் பயனற்றுப்போயின. 1948இல் ஆர்சிஏ மீது அவர் தொடுத்த காப்புரிமை வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டது; செல்வம் கரைந்தது. மனைவியையே தாக்கும் அளவுக்கு அவர் நிதானம் இழந்தார், மரியன் பிரிந்துபோனார். அந்தச் செயலுக்கு வழக்கைக் காரணம் காட்டி அவரை விடுவிக்க எனக்கு மனமில்லை. 1954 ஜனவரி இறுதியில் ஆம்ஸ்ட்ராங் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

வழக்குகளை மரியன் கைவிடவில்லை. ஆர்சிஏ அதே ஆண்டில் சமரசத்துக்கு வந்து பணம் தந்தது. கடைசியாக எதிர்த்து நின்ற மோட்டோரோலா 1967இல் தோற்றது. அதற்குள் அமெரிக்காவில் பண்பலை ஸ்டீரியோ ஒலிபரப்பு தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. நண்பர்கள் இன்று தேடியலையும் ரிசீவர்கள் கடைகளுக்கு வரத் தொடங்கியிருந்தன.