மெச்னிக்காவ் கண்ட உடற்காவலர்

காலில் முள் தைத்த இடம் மறுநாள் சிவந்து வீங்கிக் கொதிப்பதை அறியாதார் இலர். அவ்வழற்சியை ஒரு கேடென்றே மருத்துவருட் பெரும்பாலோர் நெடுங்காலம் கருதிவந்தனர். அது கேட்டினை எதிர்க்கும் போர் என்று விலங்கு நூல் வழியாக நிலைநாட்டியவர் ருஷிய அறிஞர் இலியா மெச்னிக்காவ்.

இவர் 1845-ஆம் ஆண்டு மே மாதத்தில், இக்காலத்து உக்ரைன் நாட்டிலுள்ள கார்க்கொவ் நகரை அடுத்த சிற்றூரிற் பிறந்தார். அந்நகர்ப் பல்கலைக்கழகத்தில் நான்காண்டுப் படிப்பை ஈராண்டில் முடித்து, பின்னர் ஒடெஸ்ஸாவிற் பேராசிரியரானார். கல்வி எளிதாயிற்று, இல்வாழ்க்கை அவ்வாறு அமையவில்லை. 1869-இல் இவர் மணந்த லுத்மிலா அம்மையார் காசநோயால் நலிந்து, நாற்காலியில் வைத்தே மணவினைக்குத் தூக்கிவரப்பட்டார். 1873-இல் மதீராத் தீவில் அவர் மறைய, கணவர் தம்முயிரை மாய்த்துக்கொள்ளவும் துணிந்து பிழைத்தார். இரண்டாம் மனைவியார் ஒல்காவும் டைபாய்டு சுரத்தில் வீழ்ந்தார். 1881-இல் காய்ச்சற்காரர் ஒருவரின் குருதியைத் தம்முடலிற் செலுத்திக்கொண்டு, சாவின் எல்லைவரை சென்று மீண்டார் மெச்னிக்காவ். நோயும் சாவும் இவர் வீட்டிலேயே குடியிருந்தன எனலாம்.

ஜார் மன்னர் கொலையுண்டபின் எழுந்த குழப்பத்தால் பதவி துறந்து, 1882-இல் சிசிலித் தீவின் மெஸ்ஸினா நகரை அடைந்தார். வீட்டார் சர்க்கஸ் குரங்குகளைக் காணச் சென்றிருந்த ஒரு நாள், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நட்சத்திர மீனின் இளவுயிரை உருப்பெருக்கியில் நோக்கிக்கொண்டிருந்தார். அதனுள் உயிரணுக்கள் சில அங்குமிங்கும் திரிந்தன. இவை உடலைக் காப்பனவாயின், முள் தைத்த இடத்தைச் சென்று சூழவேண்டுமன்றோ? தோட்டத்து ரோஜா முட்களைக் கொணர்ந்து அதன் தோலினுட் செருகினார். அன்றிரவு உறக்கமில்லை. பொழுது புலர்ந்ததும் நோக்கினார். முட்களைச் சுற்றி உயிரணுக்கள் மொய்த்திருந்தன!

குருதிக் குழாய் இல்லாத அவ்வெளிய உயிரிலும் தற்காப்பு உண்டு என்பதே இதிலுள்ள புதுமை. அமீபா இரையை விழுங்கிச் சீரணிக்கும் அதே ஆற்றல், உயர்ந்த விலங்குகளிற் கிருமியை விழுங்கும் காவலாக மாறியது என்று இவர் காட்டினார். 1888-இற் பாரிஸ் பாஸ்டர் நிலையத்திற் சேர்ந்து, குருதிநீரே கிருமியைக் கொல்வது என்ற ஜெர்மானிய அறிஞரோடு பல்லாண்டு வாதிட்டார். 1908-ஆம் ஆண்டின் நோபெல் பரிசு இவருக்கும் எதிர்க்கட்சியின் பால் எர்லிக்குக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. இரு கட்சியிலும் உண்மை இருந்தமையின் அது நேர்மையான தீர்ப்பே.

இக்காவல் குறையற்றதென்று இவர் கூறவில்லை. முதுமையில் விழுங்கணுக்கள் சொந்த உடலையே அரிக்கின்றன என்றும் கருதினார். அவ்விளக்கத்தின் பகுதிகள் பல பிற்காலத்தில் ஏற்கப்படவில்லை. ஆயினும் காவலன் கொலைஞனாகக்கூடும் என்னும் ஐயம் பொய்க்கவில்லை. குருதியெங்கும் கிருமி பரவுங்கால் இவ்வணுக்கள் எங்கும் ஒருங்கே கிளர்ந்தெழுகின்றன. குழாய்கள் கசிந்து, குருதியழுத்தம் தாழ்ந்து, உறுப்புகள் செயலிழக்கின்றன. அங்ஙனமாயின், இத்தகைய கொடிய ஆற்றலை இயற்கை ஏன் களைந்தெறியவில்லை? ஓர் எலியினம் இதற்கு விடை தருகிறது. கிருமியின் நச்சுப்பொருளை அவ்வெலிகளின் உடல் உணர்வதில்லை. ஆதலின், பிற எலிகளைக் கொல்லும் நஞ்சு அவற்றைக் கொல்லாது. ஆனால், உயிருள்ள கிருமிகள் சிலவே புகுந்தாலும் அவை மடிந்துபோகும். அக்குறை எந்த மரபுக்கூற்றில் உள்ளது என்பதை 1998-இற் புரூஸ் பாய்ட்லர் குழுவினர் கண்டனர். அவர் 2011-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

மெச்னிக்காவ் 1916 ஜூலை 15-ஆம் நாள் இதயநோயாற் பாரிஸில் உயிர் நீத்தார். அவரது சாம்பல் பாஸ்டர் நிலையத்து நூலகத்தில் ஒரு தாழியில் வைக்கப்பட்டது.